மே மாதத்தில் எந்தக் கடல்? மாம்பலத்து டிராவல்ஸ் ஒன்றைப் பற்றி

பெயர் போடப் போவதில்லை, ஏனென்றால் இதில் பாதி பாராட்டு, பாதி புகார். மேற்கு மாம்பலத்தில், துரைசாமி சப்வேயிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மாடியில் இருக்கிற சின்ன டிராவல்ஸ். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்ய உதவியதற்கு நாலரை, அங்கே கூட்டிப்போன விதத்துக்கு இரண்டரை.

முதலில் அந்த நாலரையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வேண்டியது பிள்ளைகள் இறங்கிக் குளிக்கிற மாதிரி அலை குறைவான கடல், தெளிந்த தண்ணீர், முட்டிவலிக்கார அத்தைக்கு அலைச்சல் குறைவான இடம். மெரினாவில் குளிக்கவே தடை, கோவளம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பள்ளி லீவில்தான் போக முடியும் என்பதால் மே மாதம், அதை மாற்ற வழியில்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய அலுவலகத்தில் இதையெல்லாம் சொன்னதும், பாதியிலேயே டேப்லெட்டைத் திருப்பி மாலத்தீவு வாட்டர் வில்லாவைக் காட்டி "மேடம், மே மாசம் செம ஆஃபர் இருக்கு" என்றார்கள். மாம்பலத்துக்காரர் படம் எதுவும் காட்டவில்லை. "எந்த மாசம்மா போறீங்க?" என்று கேட்டார். மே என்றதும் ஒரு பழைய இன்வாய்ஸின் பின்பக்கத்தில் இந்தியப் பெருங்கடலைக் கோணல்மாணலாக வரைந்து, பாதி இடங்களைப் பேனாவால் அடித்துவிட்டார்.

அடித்ததற்குக் காரணமும் சொன்னார். மாலத்தீவில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். தினமும் கொட்டும் என்றில்லை, நல்ல வெயில் நாளும் கிடைக்கும், ஆனால் படத்தில் இருக்கிற அந்தக் கண்ணாடித் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை, ஆஃபர் வருவதே அதனால்தான். இன்னொன்று, அறை வாடகையை மட்டும் பார்த்து அங்கே கணக்குப் போடக் கூடாது. மாலே விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்கு ஸ்பீட் போட்டோ சீ பிளேனோ தனிக்காசு. சீ பிளேன் பகலில் மட்டும்தான் பறக்கும், மாலையில் போய் இறங்கினால் ஒரு இரவு மாலேயிலேயே தங்க வேண்டிவரும்.

அந்தமான் எனக்குப் பிடித்த யோசனை. பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர் (2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், டிராவல்ஸில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை), ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. ஆனால் தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் வந்து சேருவதே அங்கேதான், அதுவும் மே மூன்றாவது வாரத்தை ஒட்டி. அங்கே நல்ல கடற்கரை இருக்கிற ஹேவ்லாக், நீல் தீவுகள் இரண்டுக்கும் பெரும்பாலும் படகில்தான் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், திரும்புகிற விமானம் நமக்காக நிற்காது. "லீவு முழுக்க போட் ஜெட்டியிலயே உட்காருவீங்க" என்றார். புக்கெட்டுக்கும் மே மாதம் மழைக்காலம்தான். பாலிக்கு ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வறண்ட காலம் என்பதால் வானம் பிரச்சினை இல்லை, ஆனால் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறிப் போக வேண்டும், அத்தையை வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்று நாங்களே விட்டுவிட்டோம். யாராவது குழந்தைகளோடு போவதானால் கூட்டா பக்கம் அலை பெரிது, சானூர், நூசா துவா பக்கம் பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடும், அங்கே தங்கலாம். இதுவும் அவர் சொன்னதுதான்.

கடைசியாக அவர் பேனா நின்ற இடம் திருகோணமலை. இலங்கை என்றால் எல்லோருக்கும் உனவட்டுன, மிரிஸ்ஸ என்று தென்மேற்குக் கரைதான் ஞாபகம் வரும், அந்தப் பக்கம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை நன்றாக இருக்கும். மே மாதத்தில் நிலைமை தலைகீழ். மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் கேரளத்தில் கொட்டுகிற மழை சென்னைக்கு வந்து சேர்வதில்லை இல்லையா, அதே வேலையை அங்கே நடுவில் இருக்கிற மலைநாடு செய்கிறது. கொழும்பு நனைகிறபோது கிழக்குக் கரை காய்ந்திருக்கும், கடலும் அடங்கியிருக்கும். நமக்கு அடைமழை அடிக்கிற நவம்பரில் அவர்களுக்கும் அடைமழை. அத்தை அதுவரை பேசாமல் இருந்தவர், "கோணேஸ்வரம் அங்கதானே இருக்கு? சம்பந்தர் பாடினது?" என்றார். அதற்குப் பிறகு வேறு ஊர் பேச்சுக்கே இடமில்லை.

ஊரைப் பற்றிச் சொன்னால், சொன்னபடிதான் இருந்தது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் கரை நீளமாக, மணல் மெதுவாகச் சரிந்து இறங்குகிறது, பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று விளையாடினார்கள், நானும் பயமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். (கயிறும் கண்காணிப்பும் இல்லை, அலை இல்லை என்று குழந்தைகளைத் தனியே விட்டுவிடாதீர்கள்.) கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் போலத் தள்ளிப் புறாத்தீவு இருக்கிறது, தேசியப் பூங்கா. முகமூடி மாட்டிக்கொண்டு குனிந்தால் பவளம், வண்ண மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்பு முனைத் துடுப்போடு சின்னச் சுறாக்கள், நம்மைக் கண்டால் அவைதான் ஓடுகின்றன. காலையிலேயே போய்விடுங்கள், பிறகு கூட்டம் தாங்காது, மிதிபட்டுப் பவளம் உடைந்து கிடக்கிற இடங்களைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும். கோணேஸ்வரத்துக்கு ஃபிரெடெரிக் கோட்டைக்குள் நுழைந்து மான்கள் திரிகிற பாதையில் ஏற வேண்டும், ஆட்டோ மேலே வரை போகும். பழைய கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துவிட்டார்கள், இப்போது இருப்பது பின்னால் கட்டியது. பாறை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்தபோது அத்தை முட்டியை மறந்துவிட்டார்.

இனி இரண்டரை. கடலைப் பற்றி அவ்வளவு விவரமாகச் சொன்ன மனிதர், வெயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மே மாதம் அங்கே கச்சான் காற்று வீசும். மலையைத் தாண்டி இறங்குகிற வறண்ட சூடான காற்று, அதாவது மழையைத் தடுக்கிற அதே மலையின் மறுபக்கம். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. சென்னை மே மாதத்திலிருந்து தப்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால் வேறு ஊர் பாருங்கள்.

கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீட்டர், வேனில் ஆறு மணி நேரம். "நாலு மணி நேரம்மா" என்றுதான் சொல்லியிருந்தார்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம் உண்டு, அந்த வழியிலும் நேரம் பெரிதாக மிச்சமாகாது, ஆனால் நல்லூர்க் கந்தசாமி கோயிலையாவது பார்த்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருக்கிறது என்றே சொல்லவில்லை. கொழும்பு வழியே போகிறவர்கள் தம்புள்ளையில் ஒரு இரவு தங்கி, சிகிரியாவையும் பார்த்துவிட்டு மறுநாள் போவது நல்லது, குழந்தைகளோடு ஒரே மூச்சில் வேண்டாம். ஈடிஏவுக்கு (இலங்கைக்குப் போக ஆன்லைனில் வாங்குகிற பயண அனுமதி) ஆளுக்கு இவ்வளவு என்று சர்வீஸ் சார்ஜ் போட்டார்கள், அரசாங்கத் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், ஒன்றும் கஷ்டமில்லை, போலித் தளங்களில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம் அந்த ஹோட்டல். வவுச்சரில் "பீச் சைடு" என்று இருந்தது, நாங்கள் பால்கனியில் பார்த்தது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை. பீச் ஃபிரன்ட் வேறு, பீச் சைடு வேறாம். சாப்பாடு நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும், இடியாப்பமும் சொதியும் தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

பெரிய எரிச்சல் புறாத்தீவில்தான். பேக்கேஜில் அடக்கம் என்று எழுதியிருந்தது படகு மட்டும். பூங்கா நுழைவுச்சீட்டு தனி, கரையிலேயே கவுன்டரில் வாங்க வேண்டும், அதிலும் வெளிநாட்டவர் கட்டணம். சென்னைக்குப் போன் போட்டால் ஞாயிற்றுக்கிழமை என்பதால் எடுக்க ஆளில்லை. படகுக்காரத் தம்பி, "நீங்கள் யோசிக்காதேங்கோ அக்கா, பிறகு தாங்கோ" என்று கூட்டிப்போனார். அந்த மரியாதையில் கால்வாசி புக்கிங் வாங்கினவரிடம் இருந்திருக்கலாம்.

ஆலோசனைக்கு இப்போதும் அவரிடம்தான் போவேன். அடுத்து ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் அந்தமான் என்று பேசி வைத்திருக்கிறோம், ஆனால் இந்த முறை படகு டிக்கெட், நுழைவுச்சீட்டு, அறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகுதான் முன்பணம். புறாத்தீவு டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "அதுக்கென்னம்மா, அந்தமான்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார்.