வடசென்னையில் ஒரு குத்துச்சண்டைக் கூடம்: பல பாணிகளைப் பழகிய பதினொரு மாதங்கள்

வியாசர்பாடிப் பக்கம், தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு ஒன்றில் இயங்கும் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் பதினொரு மாதங்களாகப் பயின்று வருகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று அதை நடத்தும் வாத்தியார் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஆனால் அங்கே கற்றுத்தரும் முறையைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன். குத்துச்சண்டை பழக நினைப்பவர்கள் பொதுவாகக் கட்டணத்தையும் தூரத்தையும் கருவிகளையும் விசாரிக்கிறார்கள். அங்கே எத்தனை விதமான ஆட்டம் சொல்லித்தரப்படுகிறது என்று விசாரிப்பவரை நான் பார்த்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் விசாரிக்கவில்லை. அது எவ்வளவு முக்கியமான கேள்வி என்பது மேடையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

என் முதல் வாத்தியார், 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் கண்டவர். அவருக்குக் குத்துச்சண்டை என்றால் அலி; அலி என்றால் விலகி நின்று, கால்களில் மிதந்தபடி, இடக்கை ஜாப்பால் (முன்னிற்கும் கையை விரைந்து நீட்டி அடிக்கும் நேர்குத்தால்) எதிராளியைத் தொலைவிலேயே நிறுத்திவைக்கும் ஆட்டம். உயரமான பையனாக இருந்த எனக்கு அது பொருந்தியது. ஏழு ஆண்டுகள் அது ஒன்றையே பழகினேன். அந்தக் காலத்து விதிகளும் அதற்குத் துணை நின்றன. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் முதல் 2012 லண்டன் ஒலிம்பிக் வரை, நடுவர்கள் பொத்தானை அழுத்திக் குத்துகளை எண்ணும் கணினி முறையே அமெச்சூர் குத்துச்சண்டையில் கோலோச்சியது. பாய்ந்து தொட்டுவிட்டு விலகுபவருக்கு அது சாதகமாக இருந்தது. 2013இல் ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்குப் பத்துப் புள்ளி தரும் முறை வந்த பிறகு, ஆட்டத்தைத் தன் போக்குக்கு இழுப்பவருக்கும் மதிப்பு கூடியது.

ஆனால் நான் மேடையில் தோற்றதற்கு அந்த விதிகள் காரணமில்லை. மாவட்டப் போட்டி ஒன்றின் அரையிறுதியில், என்னைவிட அரை அடி உயரம் குறைந்த ஒருவர் தலையை இருபுறமும் அசைத்தபடி என் ஜாப்புக்கு அடியில் புகுந்து வந்தார். முதல் சுற்றில் பின்வாங்கினேன். இரண்டாம் சுற்றில் கயிறு முதுகில் இடித்தது. நெஞ்சோடு நெஞ்சு நிற்கும் நேரத்தில் நெற்றியை எங்கே வைப்பது, முழங்கையை விலாவோடு எப்படிச் சேர்ப்பது, கீழிருந்து தாடையை நோக்கி எழும் அப்பர்கட் குத்தை எந்த இடைவெளியில் ஏற்றுவது, எப்போது கட்டிப்பிடித்து மூச்சு வாங்குவது என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. தெரிந்த ஒன்று பலிக்காதபோது அதையே இன்னும் வேகமாகச் செய்தேன். மூன்றாம் சுற்றில் கையைத் தூக்கவே தெம்பில்லாமல் போயிற்று.

அந்த வாத்தியார்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அவர் போற்றிய அலியில் பாதியைத்தான் எங்களுக்குக் காட்டினார் என்று இப்போது நினைக்கிறேன். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில், அதுவரை ஆடிய 40 போட்டிகளிலும் வென்றிருந்த ஜார்ஜ் ஃபோர்மனுக்கு எதிராக அலி மிதந்து ஆடவில்லை. முதல் சுற்றில் ஜாப்பை முன்னே விடாமல் வலக்கை நேர்குத்துகளையே இறக்கினார். இரண்டாம் சுற்றிலிருந்து கயிற்றில் சாய்ந்து, கைகளால் மூடிக்கொண்டு, ஃபோர்மனை அடிக்கவிட்டுக் களைக்க வைத்தார். எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். அலியைப் பின்பற்றுவதென்றால் அந்த மாற்றத்தையும் சேர்த்தல்லவா பின்பற்ற வேண்டும்?

இப்போது நான் பயிலும் கூடத்தில் முதல் மூன்று மாதங்கள் எந்தப் பாணிக்கும் இடமில்லை. நிற்கும் நிலை, கால்நகர்வு, ஜாப், கிராஸ் (பின்னிற்கும் கையால் அடிக்கும் நேர்குத்து), ஹூக் (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து), அப்பர்கட், தடுப்பு, ஸ்கிப்பிங் ஆகியவற்றோடு சரி. இதில் சலித்துப் பாதியில் நின்றுவிடுபவர்களும் உண்டு. அடித்தளம் இல்லாமல் பல பாணிகளைத் தொட்டால் எதுவும் உடம்பில் தங்காது என்பதில் வாத்தியார் உறுதியாக இருக்கிறார். அவர் சொல்வது சரி என்பதே என் அனுபவமும். நான்காம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு பாணி என்று பயிற்சி மாறுகிறது. ஒவ்வொன்றையும் தொடங்கும் முன், அது எந்த உடல்வாகு கொண்டவருக்காக, எந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்தது என்பதை அவர் பொறுமையாக விளக்குகிறார். நான் இந்தக் கூடத்தைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இந்த விளக்கங்கள்தாம்.

எடுத்துக்காட்டாக, இரு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டி, முழங்கைகளால் விலாவை மூடி, தலையை ஓயாமல் அசைத்து உள்ளே புகும் பீக்-அ-பூ பாணியைப் பழகிய இரண்டு வாரங்களில் எனக்குத் தொடையும் முழங்காலும் எரிந்தன. பயிற்சியாளர் கஸ் டமாட்டோ இதை ஃபிளாய்ட் பேட்டர்சனுக்கும் ஹோசே டோரஸுக்கும் பிறகு மைக் டைசனுக்கும் கற்றுத்தந்தார். ஹெவிவெயிட் பிரிவில் உயரம் குறைந்தவரான டைசன், தம்மைவிட நெடிய கை கொண்டவர்களின் ஜாப்பைக் கடந்து உள்ளே போக இதுவே வழியாக இருந்தது. 1986இல் இருபது வயதிலேயே அவர் உலகப் பட்டம் வென்றார். அதே டைசனை 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், நீண்ட ஜாப்பாலும் நெருங்கியபோது கட்டிப்பிடித்தும் தடுத்து, பத்தாவது சுற்றில் வீழ்த்தினார். நெடியவனான எனக்கு இந்தப் பாணி எதற்கு என்று கேட்டேன். நீ ஆட அல்ல, உன்னை நோக்கி வருபவன் எந்தக் கணத்தில் மூச்சுக்குத் தவிக்கிறான் என்று உன் தொடைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக என்றார் வாத்தியார். இருபது ஆண்டுகளுக்கு முன் என்னைத் தோற்கடித்தவர் எவ்வளவு உழைத்து உள்ளே வந்தார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

சனிக்கிழமைகளில் எல்லோரும் நிலையை மாற்றி நிற்க வேண்டும்: வலக்கைக்காரர்கள் வலது காலை முன்வைக்கும் இடக்கை நிலையிலும், இடக்கைக்காரர்கள் இடது காலை முன்வைக்கும் வலக்கை நிலையிலும். இடக்கைக்காரரை எதிர்கொள்ளும்போது இருவரின் முன்கால்களும் முட்டுகின்றன. ஜாப்புகள் ஒன்றையொன்று மறிக்கின்றன. நம் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளியே வைத்தால்தான் வலக்கை நேர்குத்துக்கு வழி திறக்கும். இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் பதியாது; அந்த நிலையில் தானே நின்று பார்த்தவருக்கு ஒரே வாரத்தில் பதிந்துவிடுகிறது. “தம்பி, கையை மாத்துறதுக்கு முன்னாடி காலை மாத்து” என்று வாத்தியார் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே இருப்பார். 2014இல் ஒமாஹாவில் யூரியோர்கிஸ் காம்போவாவின் வேகத்தில் முதலில் திணறிய டெரன்ஸ் கிராஃபோர்டு, இடக்கை நிலைக்கு மாறி நின்று ஒன்பதாவது சுற்றில் ஆட்டத்தை முடித்த காணொளியை நாங்கள் அங்கே பலமுறை பார்த்திருக்கிறோம்.

ஸ்பாரிங் எனப்படும் பயிற்சிச் சண்டையை நடத்தும் விதம்தான் இந்தக் கூடத்தின் சிறப்பு. இஷ்டத்துக்கு மோத விடுவதில்லை. ஒருவர் ஜாப் மட்டுமே அடிக்கலாம், மற்றவர் உள்ளே புகுந்து உடலில் மட்டுமே அடிக்கலாம் என்று வரம்பு கட்டிவிடுவார். அடுத்த சுற்றில் பாத்திரங்கள் இடம் மாறும். மெக்சிகோ ஆட்டக்காரர்களுக்குப் பேர்போன, விலாவுக்குக் கீழே கல்லீரலைக் குறிவைக்கும் இடக்கை ஹூக்கை இப்படித்தான் கற்றேன். அதை அடித்துப் பழகும் முன்பே வாங்கிப் பழகிவிட்டேன். முகத்தில் விழும் குத்தைவிட அது ஒரு நொடி தாமதமாக வலிக்கிறது, ஆனால் வலித்தவுடன் கால்கள் மடங்கிவிடுகின்றன. பதினாறு அவுன்ஸ் கையுறை, தலைக்கவசம், மவுத் கார்டு ஆகிய மூன்றும் இல்லாத எவரையும் மேடையேற்றுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் பழைய போட்டிகளைத் திரையிட்டு நிறுத்தி நிறுத்தி விளக்குகிறார். 1980 ஜூனில் மான்ட்ரியலில் ராபர்டோ டுரானோடு நெருங்கி நின்று, அவருக்குப் பிடித்த சண்டையையே ஆடிப் பட்டத்தை இழந்த சுகர் ரே லெனார்ட், ஐந்தே மாதங்களில் நியூ ஆர்லியன்ஸில் வேறொரு ஆட்டக்காரராக வந்து நின்றார். கால்களால் சுற்றி, பக்கவாட்டில் விலகி, டுரானைத் துரத்த வைத்தார். எட்டாவது சுற்றில் டுரான் ஆட்டத்தைத் தாமே நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டு போட்டிகளையும் அடுத்தடுத்துப் பார்த்த மாலையில் நான் வீட்டுக்குப் போக மனமின்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனிதர் ஒருவரே, எதிரில் நின்றவரும் ஒருவரே. மாறியது பாணி மட்டும்.

சில விஷயங்களில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. ஃபிலடெல்ஃபியா பாணித் தடுப்பை, அதாவது இடக்கையை வயிற்றுக்குக் குறுக்கே தாழ்த்தி, தாடையை இடது தோளுக்குப் பின்னால் ஒளித்து, வரும் குத்தைத் தோளால் உருட்டிவிடும் முறையை, ஆறாம் மாதத்திலேயே தொடங்குவது அவசரம் என்று கருதுகிறேன். 50 போட்டிகளிலும் தோல்வியே காணாத ஃபிளாய்ட் மேவெதரின் கையில் அது அழகு. அவர் சிறுவயது முதல் அதில் ஊறியவர். மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்றே சுற்றுகள் ஆடும் புதியவர் இடக்கையைத் தாழ்த்தினால் முகம் திறந்து கிடக்கிறது. இடக்கைக்காரருக்கு எதிரில் அந்தத் தோள் உதவிக்கு வருவதும் இல்லை. பல பாணிகள் தெரிந்திருப்பதும், எதை எப்போது விடுவது என்று தெரிந்திருப்பதும் வேறு வேறு. இரு நிலைகளிலும் வல்லவரான மார்வின் ஹேக்லர், 1987இல் லெனார்டுக்கு எதிரான போட்டியின் தொடக்கச் சுற்றுகளில் தம் இயல்பான இடக்கை நிலையை விட்டு வலக்கை நிலையில் ஆடி அந்தச் சுற்றுகளை இழந்தார்; முடிவில் நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் பட்டத்தையும் இழந்தார். இதையும் வெள்ளிக்கிழமைகளில் திரையிட வேண்டும் என்று வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன். அதேபோல், பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களின் வேகத்தில் பாணி மாற்றுவது பொருத்தமில்லை. என் அக்கா மகன் ஐந்தாம் மாதத்தில் எந்தக் காலை முன்வைப்பது என்றே குழம்பி நின்றான். எங்கள் வேண்டுகோளின் பேரில் அவனுக்கு மட்டும் அடிப்படைப் பயிற்சியை மேலும் நான்கு மாதங்களுக்கு நீட்டினார்கள். அதன் பிறகு தெளிந்துவிட்டான்.

இட வசதி சுமார்தான். சர்வதேசப் போட்டி மேடை கயிற்றுக்குள் இருபது அடி இருக்கும். இங்கே பதினாறு அடிதான். நெருங்கி ஆடும் பாணிகளுக்கு அது போதும். ஊசல்போல முன்னும் பின்னும் துள்ளி ஆடும் சோவியத் பாணியைப் பழகும்போது நான்கு அடிக் குறைவு நன்றாகவே தெரிகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே மாலை வகுப்பு கடினம். பெண்கள் எட்டுப் பேர் பயில்கிறார்கள். அவர்களுக்கு உடை மாற்ற ஒரு சிறிய தடுப்பு அறை மட்டுமே உண்டு, அதைக் கட்டாயம் சீர்செய்ய வேண்டும். பொதுக் கையுறைகள் ஈரமாகவே கிடப்பதால் சொந்தக் கையுறையும், கையில் சுற்றும் துணிப்பட்டையான ஹேண்ட் ராப்பும் கொண்டுபோவது நல்லது. மாதக் கட்டணம் 1,500 ரூபாய். பள்ளி மாணவர்களுக்குப் பாதி.

சென்ற மாதம் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர் என்னைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு வந்தார். குள்ளமானவர், அதே தலையசைப்பு, அதே வேகம். நெற்றியை அவர் தோளில் பதித்து, முழங்கைகளை ஒடுக்கி, மூன்று குத்துகளைக் கையிலும் தோளிலும் வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சை இழுத்த கணத்தில் விலாவில் இடக்கை ஹூக்கை இறக்கி, இடது பாதத்தில் திரும்பி வெளியே வந்து, இடக்கை நிலையில் நின்றேன். அவருக்கு என் கால் எங்கே இருக்கிறது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் நேர்குத்து போய்விட்டது. மணி அடித்ததும் அவர் மூச்சு வாங்கியபடியே அருகில் வந்து, “அண்ணே, அந்தத் திரும்பலை இன்னொரு வாட்டி காட்டுங்க” என்று கேட்டார். கூடத்தைப் பூட்டும்வரை அதையே இருவரும் செய்துகொண்டிருந்தோம்.

காலை வகுப்பு ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. கூட்டம் குறைவாக இருப்பதாலும் வாத்தியார் ஒவ்வொருவரிடமும் நின்று பார்ப்பதாலும் புதியவர்கள் மாலையைவிடக் காலையில் சேர்வதே நல்லது.