இயற்பியல் பிஎச்டிக்குப் பிறகு: ஆய்வகமா, கம்பெனியா, போஸ்ட்டாக்கா, கல்லூரியா?

பிஎச்டி முடிக்கும்போது பலருக்கும் 28, 29 வயது ஆகிவிடுகிறது. மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் விஞ்ஞானி பணிக்குப் பொதுப்பிரிவு வயது வரம்பு 32. அதனால் சம்பளத்தைப் பார்க்கும் முன் வயதைப் பாருங்கள்.

சிஎஸ்ஐஆரில் பிஎச்டியோடு சேர்ந்தால் அரசு ஊதிய அட்டவணையில் லெவல் 11, அடிப்படைச் சம்பளம் 67,700 ரூபாய். சென்னையில், 2025 ஜூலை கணக்குப்படி, டிஏ (அகவிலைப்படி) 58 சதவீதம் 39,266, வீட்டு வாடகைப்படி 20,310, போக்குவரத்துப்படி 11,376. கூட்டினால் மாதம் 1,38,652. இதற்கு மேல் அரசு தன் பங்காக ஓய்வூதியக் கணக்கில் 14 சதவீதம் போடும். குவார்ட்டர்ஸ் எடுத்தால் வாடகைப்படி கிடையாது.

இதைத் தனியார் கம்பெனி சொல்லும் 20 லட்சம் சிடிசியோடு (கம்பெனிக்கு ஆண்டுக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு) வைத்துப் பாருங்கள். அதில் 2 லட்சம் வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி), அடிப்படைச் சம்பளம் 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கம்பெனி கட்டும் பிஎஃப் 96,000, கிராஜுவிட்டி சுமார் 38,500. இவை கழிந்தால் மாதம் ஏறத்தாழ 1,38,800. அதாவது லெவல் 11-இன் தொடக்கச் சம்பளமேதான்! எனவே ஆஃபர் வந்தால் சிடிசியை விடுங்கள், நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தனியாரின் பலம் அடுத்தடுத்த உயர்வில் இருக்கிறது. ஒளியியல், சிமுலேஷன், சிக்னல் பிராசசிங் செய்தவர்களுக்குச் செமிகண்டக்டர் கருவித் துறையில் நல்ல இடம் உண்டு. அத்துறை நிறுவனமான கேஎல்ஏவுக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. பலர் சறுக்குவது ரெஸ்யூமேயில்: கட்டுரைப் பட்டியல் மூன்று பக்கம், எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் பற்றி ஒரு வரி. நேர்காணலில் கேட்பதோ அந்த ஒரு வரியைத்தான்.

போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி, வருமானத்துக்காகப் போகும் இடமல்ல. இந்தியாவில் ரிசர்ச் அசோசியேட் முதல் நிலைக்கு 58,000, வாடகைப்படி தனி; டிஏ இல்லை. ஆனால் ஐஐடியில் கிரேடு 1 உதவிப் பேராசிரியராக (லெவல் 12, தொடக்கம் 1,01,500) பிஎச்டிக்குப் பின் 3 ஆண்டு அனுபவம் வேண்டும். அந்த இலக்கு இருப்பவருக்கு போஸ்ட்டாக் தேவைதான். மற்றவர்கள் இரண்டாவது போஸ்ட்டாக்கில் சேர்வதற்குள் ஆய்வக விண்ணப்ப வயது தாண்டிவிடும். போஸ்ட்டாக்கின் முதல் ஆண்டிலேயே லெவல் 11 பணிகளுக்கு விண்ணப்பியுங்கள்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிக்கு வயது நெருக்கடி இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) வரம்பு 57. லெவல் 10, அடிப்படை 57,700. சிக்கல் அறிவிப்பில்தான்: ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை கௌரவ விரிவுரையாளர் தொகுப்பூதியத்தில் குடும்பம் நடத்துவது கடினம். ஒரே வேலைக்கு இவ்வளவு குறைத்துக் கொடுப்பது அநியாயம்.

மருத்துவமனையில் மெடிக்கல் பிசிசிஸ்ட் (மருத்துவ இயற்பியலாளர்) ஆக நினைப்பவர்கள் கவனிக்க: பொது இயற்பியல் பிஎச்டி மட்டும் போதாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் (ஏஇஆர்பி) ஏற்கும் கதிரியல் இயற்பியல் படிப்பும், கதிர்சிகிச்சைப் பிரிவில் ஓராண்டுப் பயிற்சியும் தேவை.