குனு ரேடியோ மெசேஜ் போர்ட்: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடமாகக் குனு ரேடியோ 3.10-இல் (பிளாக்குகளை இணைத்து ரேடியோவை மென்பொருளாக அமைக்கும் கருவி) ஒரு பாக்கெட் டிரான்ஸ்மிட்டரை ஓட்டி வருகிறேன். வேகம் நொடிக்கு 9600 பிட், ஃபிரேம் (ஒருமுறை அனுப்பும் தரவுத் துண்டு) ஒன்றுக்கு 256 பைட். ஆன்டெனா இல்லை; சிக்னலைக் குறைக்கும் அட்டென்யூவேட்டர் போட்ட கேபிள் வழியே பக்கத்து ரிசீவருக்குப் போகும். பைதான் பிளாக் ஒன்று ஃபிரேமை மெசேஜாக அனுப்பும். 'பிடியு டு டேக்டு ஸ்ட்ரீம்' பிளாக் அதைப் பைட்டுகளாக்கி, ரேடியோ சிக்னலாக மாற்றும் மாடுலேட்டருக்குத் தரும்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒரு நாள் ரிசீவரில் நேரத்தைப் பார்த்தேன்: வந்து விழுந்த ஃபிரேம்கள் அரை மணி நேரம் பழையவை!

தரவு தொடர்ச்சியாக ஓடும் ஸ்ட்ரீம் போர்ட்டில், கீழே உள்ள (தரவை வாங்கும்) பிளாக் படிக்காவிட்டால் பஃபர் நிறைந்துவிடும், மேலே உள்ளது தானாக நிற்கும். தனித்தனி மெசேஜாக வாங்கும் மெசேஜ் போர்ட்டில் அந்தத் தடை கிடையாது. அனுப்பிய மெசேஜ் க்யூவில் (காத்திருக்கும் வரிசையில்) சேர்ந்துகொண்டே போகும். 'பிடியு டு டேக்டு ஸ்ட்ரீம்' பிளாக்கில் க்யூவின் வரம்பு கான்ஃபிக் கோப்பில் உள்ள 8192. அதைத் தாண்டினால் பழைய மெசேஜ் கழித்துக் கட்டப்படும். ஒரு ஃபிரேம் வெளியேற 0.21 நொடி என்றால் 8192 வெளியேற 29 நிமிடம். ஹேண்ட்லர் (மெசேஜ் வந்ததும் அதைக் கையாளும் ஃபங்ஷன்) வைத்த போர்ட் இன்னும் மோசம்; அங்கே இந்த வரம்பே பார்க்கப்படுவதில்லை. மெதுவான லாகர் பிளாக் ஒன்று என் மெமரியை முழுக்கத் தின்றது அப்படித்தான்.

முதலில் 0.21 நொடிக்கு ஒருமுறை அனுப்பும்படி டைமர் வைத்தேன். ரேடியோவின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் ஒன்றல்லவே. சில நாளில் க்யூ மறுபடி வளர்ந்தது.

அப்புறம் டோக்கன் முறைக்கு மாறினேன். கையில் நான்கு டோக்கன். ஃபிரேம் அனுப்பினால் ஒன்று போகும், வெளியேறிய தகவல் வந்தால் ஒன்று திரும்பும். எந்த இடத்தில் திருப்புவது என்பதில்தான் தவறு செய்தேன். க்யூவை விட்டு ஃபிரேம் கிளம்பியதுமே திருப்பியதால் தாமதம் ஒரு நிமிடத்துக்கு அருகிலேயே நின்றது. காரணம், பைட் ஸ்ட்ரீமின் பஃபர் சுமார் 64 கிலோபைட் பிடிக்கும். நொடிக்கு 1200 பைட் வேகத்தில் அது 54 நொடி. இப்போது ரேடியோ சிங்க்குக்கு (ரேடியோவுக்குத் தரவைத் தரும் கடைசி பிளாக்) சற்று முன்னால், ஸ்ட்ரீமில் பாக்கெட் நீளம் சொல்லும் டேக் என்ற குறிப்பைக் கண்டதும் ஒரு சிறு பிளாக் டோக்கனைத் திருப்புகிறது. நடுவில் எத்தனை பஃபர் இருந்தாலும் நான்கு ஃபிரேமுக்கு மேல் தேங்காது, அதாவது 0.85 நொடி. ஒரே டோக்கன் வைத்தபோது டெர்மினலில் 'யு' எழுத்துகள் வரிசையாக விழுந்தன. ரேடியோவுக்குத் தீனி போதவில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் சேருங்கள்: வழியில் ஒரு ஃபிரேம் தொலைந்தால் அதன் டோக்கனும் தொலையும். நான்கும் தொலைந்தால் எல்லாம் உறைந்துவிடும். ஐந்து நொடி எதுவும் திரும்பாவிட்டால் எண்ணிக்கையை மறுபடி நான்காக்கிவிடுகிறேன்.

வேறு கணினியிலிருந்து ஃபிரேம் வர ஸீரோ-எம்கியு என்ற மெசேஜ் அனுப்பும் லைப்ரரியை வைத்திருக்கிறேன். அதில் க்யூ வரம்பு நிறைந்தால் புஷ் வகை சாக்கெட் காத்திருக்கும், பப் வகை சாக்கெட் மெசேஜைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். வரம்பு இயல்பாக 1000 மெசேஜ். இரு பக்கமும் அதை 2 ஆகக் குறைத்தேன்.