அம்மாவின் சீ.ஆர். கொப்பி: பாவித்துப் பார்த்தபின் சொல்வது

மல்லாவியில் இருக்கும் சிநேகிதி போன கிழமை கேட்டாள்: "நீ அம்மாவுக்கு எழுதிற கொப்பி உண்மையிலேயே பிரயோசனமோ? அப்பாவுக்கும் சீனியும் பிரஷரும். நானும் தொடங்கட்டோ?" அவளுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். கொப்பி என்றால் மட்டை போட்ட தடித்த சீ.ஆர். கொப்பி; அம்மாவின் மருந்துகளையும் பரிசோதனை முடிவுகளையும் அதில் எழுதி வைக்கிறேன்.

அம்மா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறா, பின்னேரங்களில் தனியார் டிஸ்பென்சரிக்குப் போகிறா, கண்ணுக்கு யாழ்ப்பாணம் போகிறா. ஓரிடத்தில் கொடுத்த மருந்து மற்ற இடத்துக்குத் தெரியாது. மூன்றையும் ஒன்றாக வைத்திருப்பது இந்தக் கொப்பி மட்டும்தான்.

நான் எதிர்பாராத பலன், கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறுகிற ஒன்று) அளவை எழுதும் பக்கத்தில் கிடைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரிப்போட்டும் நோர்மல். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் 0.7, 0.8, 1.0 என்று ஏறிக்கொண்டு போவது தெரிந்தது. (ஒரு லாபில் மில்லிகிராம் கணக்கு, இன்னொன்றில் மைக்ரோமோல். மைக்ரோமோலை 88.4ஆல் பிரித்துவிட்டு எழுதவேண்டும்.) வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தத்தைக் கண்ட சனம் நாங்கள், அந்த ஏற்றத்தைச் சும்மா விடமுடியுமா? அவ்வளவு நெரிசலிலும் கிளினிக் டொக்டர் அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு, "முழங்கால் நோவுக்கு என்ன குளிசை போடுறீங்கள் அம்மா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த இடத்தில் கொப்பி வெறுமை. டிஸ்பென்சரியில் தந்த வெள்ளை உறையில் "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று மட்டும் இருந்தது. மருந்தின் பேர் இல்லை. திரும்பிப் போய்க் கேட்டால், "நோவுக்குத்தான் தங்கச்சி" என்கிறார்கள். விடாமல் கேட்டபிறகே டைக்குளோபெனக் என்று சொன்னார்கள். சிறுநீரகத்துக்குக் கூடாத குளிசை. கிளினிக்கில் உடனே நிறுத்தச் சொன்னார்கள். சீனிக்குப் போடும் மெற்போமினின் அளவையும் சிறுநீரகம் பார்த்துத்தானே தீர்மானிக்கிறார்கள்.

நியாயமாகச் சொன்னால், இரவு எட்டு மணிக்கும் கதவைத் திறந்து வைத்திருப்பது அந்த டிஸ்பென்சரிதான். காய்ச்சலோடு வரும் பிள்ளையை அவர்கள் திருப்பி அனுப்பியதில்லை. ஆனாலும் ஒரு பேரை எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? பேர் தெரியாவிட்டால் ஒரே மருந்தை இரண்டு இடத்தில் வாங்கி இரண்டு தரம் போடுகிற ஆபத்தும் இருக்கிறது.

இன்னொன்று. 2009இல் கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தடுப்பூசிக் காட் எல்லாவற்றையும் இடப்பெயர்வில் தொலைத்த ஊர் இது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துக் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பிவிடுவேன்.

நேற்றும் பேரில்லாத உறையொன்று வீட்டுக்கு வந்தது. ஆகவே இன்றைக்குக் கேட்டால், கொப்பியால் அரைவாசிப் பிரயோசனம்தான் என்பேன். மற்ற அரைவாசி மருந்து தருகிறவர்களின் கையில் இருக்கிறது.

சரி, நீ தொடங்கு. முதல் பக்கத்தில் அப்பாவுக்கு ஒவ்வாத மருந்துகளை எழுது. அடுத்ததில் இப்போது போடும் குளிசைகளின் பேரையும் மில்லிகிராமையும் எழுது. உறையில் பேர் இல்லையென்றால் எழுதித் தரும்வரை கவுண்டரை விட்டு நகராதே.