வழியில் படகு பழுதானால்: மரீனா (படகுத்துறை) மெக்கானிக்கா, நம் கையா?

செலவு
மரீனா: மணிக்கணக்கில் கூலி. உதிரிபாகம் வரும்வரை படகு நிற்கும் இடத்துக்கும் வாடகை ஏறிக்கொண்டே போகும்.
நாமே: பாகத்தின் விலை மட்டும்; ஆனால் கருவிகள் படகிலேயே இருக்க வேண்டும்.

நேரம்
மரீனா: பருவகாலத்தில் காத்திருப்பு நீளும்.
நாமே: பாகம் கையில் இருந்தால் இன்றே தொடங்கலாம்.

தரம்
இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) மாற்றுவது எளிது. ஆனால் பழையதில் ஓர் இதழ் உடைந்திருந்தால், அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் பாகம்) குழாய்களில் போய் அடைத்திருக்கக்கூடும். அதைத் தேடி எடுக்காவிட்டால் எஞ்சின் மறுபடியும் சூடேறும். அவசரத்தில் இருக்கும் மெக்கானிக் இதைக் கவனிக்காமல் போகலாம். அதே படகில் கடலுக்குப் போகிறவர் கடைசித் துண்டுவரை தேடுவார்.

அடிப்பகுதி வேலை வேறு. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வை மாற்றவோ, புரொப்பல்லர் தண்டைக் கழற்றவோ படகைக் கரையேற்றியாக வேண்டும். இதில் துணிச்சல் காட்டாதீர்கள், படகே மூழ்கிவிடும்.

ஆக, இம்பெல்லர், பெல்ட், ஃபில்டர் என்றால் நீங்களே செய்யுங்கள். கரையேற்றும் வேலை என்றால் மரீனாவிடம் விடுங்கள். மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, வேலை நடக்கும்போது அருகிலேயே இருங்கள்.