கொழுப்பா, சுரப்பியா? ஆண்களின் மார்பு வீக்கத்துக்கு எது பலிக்கும்

திருச்செந்தூர் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போக முடியாது. பதினேழு வயதில் அந்த வரிசையில் துண்டை இரண்டு தோளிலும் போர்த்தி, கைகளை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நகர்ந்தேன். "என்னடா, குளிருதா?" என்றார் சித்தப்பா. அது மே மாதம்.

ஜிம்மா, ஆபரேஷனா என்று கேட்பவர்கள் அநேகம். இரண்டும் ஒரே கோளாறுக்கான வைத்தியம் இல்லை. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்துக் காம்பை நோக்கி மெல்ல நகர்த்திப் பாருங்கள். கடைசிவரை மெத்தென்றே இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு. காம்புக்கு அடியில் ரப்பர் போல ஒரு வட்டு தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. கைனகோமாஸ்டியா என்பது இதைத்தான். இரண்டும் கலந்தும் இருக்கும். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்டு பார்ப்பார்கள்.

கல் போன்ற கட்டி, அதுவும் ஒரு பக்கம் மட்டும், காம்பிலிருந்து விலகி இருக்கிறதா? காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா? ரத்தம் கசிகிறதா? அப்படியானால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான், ஆனாலும் உண்டு.

கொழுப்பு என்றால் உடம்பைக் குறைப்பதே முதல் வழி. சுரப்பியிடம் ஜிம் தோற்றுப்போகும். நான் ஒரு வருஷம் பெஞ்ச் பிரஸ் அடித்தேன். அடியில் தசை வளர்ந்து வட்டை முன்னால் தள்ளியதுதான் மிச்சம். பனியனுக்கு மேல் இன்னொரு பனியன் போடவேண்டி வந்தது. இதில் இன்னொரு வேடிக்கை, சீக்கிரம் உடம்பு ஏற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த ஊசியாலேயே மார்பு வீங்கும். ஏறிய டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனில் ஒரு பங்கை உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் என்றால் சும்மா இருப்பதே பெரிய வைத்தியம். வயதுக்கு வரும்போது ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனும் முன்னே பின்னே போவதால் வருவது. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும். அந்த வயதில் கத்தி வைக்க அவசரப்படும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வீட்டில் யாரும் கேலி செய்யாமல் இருந்தாலே பாதி வலி போய்விடும்.

பெரியவர்களுக்குப் புதிதாக வந்தால் முதலில் மாத்திரைப் பெட்டியைப் பார்க்க வேண்டும். இதயத்துக்கும் கல்லீரல் நோய்க்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், மனநலத்துக்கான ரிஸ்பெரிடோன், புராஸ்டேட்டுக்கான சில மருந்துகள் இதைக் கொண்டுவரும். டாக்டரே மாற்றித் தரலாம். நாமாக நிறுத்தக் கூடாது. கல்லீரல், தைராய்டு, விதைப்பை மூன்றையும் சோதிப்பார்கள். விதைப்பையைக் காட்ட வெட்கப்பட்டால், அங்கே இருக்கக்கூடிய கட்டியைத் தவறவிடுவோம்.

சரி, மாத்திரை? டமாக்ஸிஃபென் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. தினம் 10 அல்லது 20 மில்லிகிராம், மூன்று முதல் ஆறு மாதம் கொடுப்பார்கள். வீக்கம் புதிதாக, தொட்டால் வலிப்பதாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். ஒரு வருடம் தாண்டினால் திசு நார் போல இறுகிவிடும். பிறகு மாத்திரையால் பெரிதாக ஆகப்போவதில்லை. ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சரக்கு அல்ல இது.

வருஷக்கணக்கில் இருப்பதற்கு ஆபரேஷன்தான். அதிலும் இரண்டு. லைப்போசக்‌ஷனில் சிறு துளை வழியாகக் குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள், தழும்பு குறைவு. ஆனால் இறுகிய வட்டு அதில் முழுதாக வராது. சுற்றிலும் தட்டையாகி, நடுவில் மட்டும் பட்டன் போல நிற்கும். அந்த வட்டை எடுக்க, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் பிறை போலக் கீறவேண்டும். மார்புக்குக் கீழே பிறைக் கீறல் போடும் முறையை 7ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் பவுல் எழுதிவைத்திருக்கிறார். இப்போது பலருக்கும் உறிஞ்சுவது, கீறி எடுப்பது இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். தோல் நிறையத் தொங்கினால் தோலையும் வெட்டவேண்டும். அப்போது தழும்பு நீளும். "தழும்பே தெரியாது" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள்.

டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காம்புக்கு அடியில் எவ்வளவு விட்டுவைப்பீர்கள்? முழுக்கச் சுரண்டினால் அங்கே தட்டு போலக் குழி விழும். உள்ளே ரத்தம் தேங்குவது, காம்பு மரத்துப்போவது இரண்டும் நடக்கக்கூடியவை. நான்கிலிருந்து ஆறு வாரம் இறுக்கமான உடுப்பு வேறு. வெயில் காலத்தில் போட்டு அவதிப்பட்டவன் என்பதால் சொல்கிறேன், மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இடப்பக்கம் நான்கு மாதம் உணர்ச்சியே இல்லை. அங்கே ஒரு சின்னப் பள்ளம் இன்னும் இருக்கிறது, கையைத் தூக்கினால் தெரியும்.