மூன்று வருடமாக எங்கள் குசினியில் இருக்கும் தராசு

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் போன கிழமை கேட்டார்: “உங்களிடம் இருக்கிற அந்த மின்தராசு நல்லதா? நானும் ஒன்று வாங்கட்டுமா?” அன்று காலையில்தான் அது என்னைப் பிட்டு மாவோடு நடுவழியில் விட்டிருந்தது. அதனால் உடனே பதில் எழுதவில்லை.

ஐந்து கிலோ வரை நிறுக்கும் சாதாரணத் தராசுதான். அம்மாவின் சுண்டுக்காகவே அதை வாங்கினேன். எங்கள் வீட்டில் சுண்டு என்றால் பழைய ரின்பால் பேணி. அரிசி, மா, சீனி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே அளவு. மச்சாளிடம் அந்தப் பேணி இல்லை. அங்கே கோப்பைக் கணக்கு. அதிலும் 250 மில்லிலீற்றர்க் கோப்பை ஒன்று, அமெரிக்கக் கணக்கில் 237 மில்லிலீற்றர்க் கோப்பை இன்னொன்று. இதை வைத்துக்கொண்டு அம்மாவின் குறிப்பை எப்படி அனுப்புவது?

பேணியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி நிறுத்தேன்: 305 கிராம். தண்ணீரில் ஒரு கிராம் ஒரு மில்லிலீற்றர் என்பதால் பேணி எவ்வளவு கொள்ளும் என்பது தெரிந்துவிட்டது. பச்சையரிசி 260 கிராம் வந்தது, சீனியும் ஏறக்குறைய அவ்வளவே. தூள் உப்பு 360ஐத் தொட்டது.

மாவில்தான் நான் திகைத்துப்போனேன். அவித்து அரித்த கோதுமை மாவை மெல்ல அள்ளிப் போட்டால் ஒரு சுண்டு 140 கிராம். அதே பேணியை மேசையில் நாலு தரம் தட்டித் தட்டி நிரப்பினால் 180. மூன்று சுண்டுக்கு 120 கிராம் வித்தியாசம்! அம்மா தட்டித்தான் அளப்பார், நான் தட்டுவதில்லை. கொதிநீரை மட்டும் அவர் சொன்ன அளவிலேயே விட்டுவந்தேன். என் பிட்டு ஏன் உதிராமல் கட்டிபட்டது என்பது அன்றுதான் விளங்கியது. அம்மாவிடம் சொன்னேன். “தட்டாமல் யார் பிள்ளை மா அளப்பார்கள்?” என்றார். இத்தனை வருடத்தில் அதை ஒருதரமும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. தராசு சொல்லித் தந்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆனால் இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் அது தானாக அணைந்துவிடுகிறது. அவித்த மா சூடு ஆறுமுன் அரிக்கப்பட வேண்டும்; கட்டிகளை உடைத்து அரிதட்டில் தேய்க்க இரண்டு நிமிடம் எங்கே போதும்? கிண்ணத்தில் பாதி மா விழுந்த நிலையில் திரை இருண்டுவிடும். மறுபடி அழுத்தினால் கிண்ணத்தையும் மாவையும் சேர்த்துப் பூச்சியம் என்கிறது. அதுவரை அரித்ததற்குக் கணக்கே இல்லை. பற்றரியை மிச்சம் பிடிக்கிறதாம்! மாதம் ஒரு பற்றரி போட நான் தயார். மா அரிக்கிறவரை ஒருபோதும் கேட்காமல் இதைச் செய்திருக்கிறார்கள். ஈஸ்டைச் சிறிது சிறிதாகத் தூவினால் எண் அசையாமல் நிற்பதையாவது பொறுத்துக்கொள்வேன். தனியே ஒரு சிறு தட்டில் வைத்து, மொத்தமாகக் கொட்டினால் சரியாகக் காட்டுகிறது.

நேற்று மச்சாளுக்கு எழுதினேன்: இந்தத் தராசை வாங்க வேண்டாம். தானாக அணைவதை நிறுத்திவைக்கக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். பிட்டுக்கு ஒரு சுண்டு என்றால் அவித்து அரித்த மா 180 கிராம். எந்தத் தராசாக இருந்தாலும் முதலில் வெறுங்கிண்ணத்தை நிறுத்து, அந்த எடையைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் கிண்ணம் 412.